போ எண்டு சொல்லாத வீடு

குருநகர்
ஞாயிறு பின்னேரம்

ஓம் ஜெசிதா, இங்கிலீஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறன். விடேல்லை. இஞ்சை நானும் அப்பாவும் சுகம், அங்கை நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திறன். அப்பாவின்ரை வலையிலை இப்ப நண்டு படுறது பரவாயில்லை, முழங்கால்தான் நோ. கரைக்குப் போக உன்ரை சைக்கிளைக் கேட்டவர். நான் குடுக்கேல்லை. அவள் வந்து ஓடுவாள் எண்டன். அவர் நடந்துதான் போறார்.

படிப்பு முடிய வந்திடுவன் எண்டு போனனி. இப்ப நீ வேலை பழகிற ஆஸ்பத்திரியிலை நிரந்தர வேலை தாறாங்கள், இஞ்சையே நிக்கட்டோ அம்மா எண்டு போனிலை கேட்டாய். நான் மீன் விலை சொன்னன். திரும்பக் கேட்டாய், மழையைப் பற்றிச் சொன்னன். அப்பாவிட்டைச் சொன்னால், உன்னைத்தானே கேட்டவள், நீயே சொல்லு எண்டு வலையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வாயாலை வரேல்லை. அதுதான் எழுதிறன்.

தனியப் பிளேன் ஏறி வரப் பழகுங்கோ எண்டு நீதானே என்னைக் கோயில் பங்கு மண்டப வகுப்பிலை சேர்த்துவிட்டனி. மேர்சி ரீச்சர், உன்ரை வயதுப் பிள்ளை, இந்தக் கிழமை முழுக்கக் 'கோ' எண்ட ஒரு சொல்லையே படிப்பிச்சவ. போறதுக்கு மட்டும்தான் கோ எண்டு நினைச்சிருந்தன். மணிக்கூடு ஓடினாலும் கோவாம். பால் புளிச்சாலும் கோவாம். சீலைக்குச் சட்டை பொருந்தினாலும் அதுதானாம், ஒருக்காச் செய்து பாக்கிறதும் அதுதானாம், ஆள் செத்தாலும் அதுதானாம். பின் வரிசை வாங்கிலை இருக்கிற அடைக்கலநாதன் அண்ணை, உந்த வெள்ளைக்காரர் என்ன ஒரு சட்டியிலையே சோறும் கறியும் தேத்தண்ணியும் காய்ச்சிற ஆக்களோ எண்டு கேட்டார். நல்லாச் சிரிச்சம்.

முடிவிலை ஒவ்வொருத்தரா எழும்பி 'ஐ ஆம் கோயிங்' எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போகவேணும். எனக்கு வரேல்லை. உனக்குத் தெரியும், அப்பா கடலுக்கு இறங்கேக்கை ஒருநாளும் போறன் எண்டு சொல்லமாட்டார். வாறன் எண்டுதான். எங்கை எண்டு நானும் கேக்கிறேல்லை. அந்தச் சொல்லு இங்கிலீசிலையும் நாக்கிலை ஏறேல்லை. நிண்டன். ரீச்சர், கோ ஓன் அன்ரி எண்டா. போகச் சொல்லிக் கலைக்கிறா எண்டு நினைச்சுக் குடையை எடுத்திட்டன். எல்லாரும் சிரிச்சினம். அவ சிரிக்கேல்லை. நிப்பாட்டாதேங்கோ, நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன், அதுதான் அன்ரி அதுக்கு அர்த்தம் எண்டா.

வழியெல்லாம் அதே யோசினை. கட்டுநாயக்கா எயாப்போட்டிலை உன்னைப் போயிட்டு வா எண்டுதான் அனுப்பினனான். அந்த 'வா'வை நீ இவ்வளவு நாளும் காவிக்கொண்டு திரியிறாய். பாரமாயிருக்கும். இறக்கி வை பிள்ளை. அந்த வேலையை எடு. அங்கையே நில். வெறுமனே போ எண்டு சொல்ல எனக்கு இப்பவும் வராது. கோ ஓன், ஜெசிதா. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.

இரவு வேலைக்கு வெறும் வயித்தோடை வெளிக்கிடாதை. கழுத்தைச் சுத்தித் துணி கட்டு. உன்ரை கை காலும் மனமும் நோகாமல் மாதா பாத்துக்கொள்ளட்டும்.

அம்மா
சிசிலியா

கடிதத்தை ஒட்ட முதல் இதையும் எழுதிறன். உன்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சு, அப்பாவின்ரை வலைக்குப் பக்கத்திலை சாத்திவிட்டன்.