விருந்தினர் வரும்வரை பூட்டிய வீடுகள்

மகளுக்கு,

கட்டி முடித்த வீடுகளைப் பூட்டி வைத்துவிட்டு, யாருக்காகக் கட்டினாயோ அவர்களையே மழையில் படுக்க வைத்தது அநியாயம். சிறப்பு விருந்தினருக்குக் காய்ச்சல் என்று திறப்பு விழாவை மறுபடியும் தள்ளிப் போட்டிருக்கிறாய். அவர் நன்றாக இருக்கட்டும். அதற்காக, ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த கூலிக்காரர்கள் ஏன் தார்ப்பாய்க்கு அடியில் நடுங்க வேண்டும்?

நேற்றுப் போயிருந்தேன். சித்தாள் ஒருத்தி கைக்குழந்தையைத் துண்டில் பொத்திக்கொண்டு முதல் வீட்டு வாசலில் ஒண்டியிருந்தாள்.

"உள்ள அப்படி என்னம்மா இருக்கு?"

"ரிப்பனும் நாற்காலியும் இருக்குங்க தாத்தா. நனையக் கூடாதாம்" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவலாளியிடம் சாவி கேட்டேன்.

"அம்மா திட்டுவாங்க ஐயா."

"அந்த அம்மாவைப் பெத்தவனே நான்தான்யா, நகரு!"

பூட்டுகளைக் கல்லால் உடைத்தேன். எல்லா வீட்டிலும் ஆள் ஏறியாயிற்று. நீ என்னோடு பேசாமல் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பற்றி எழுதப் போவதுமில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். காவலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது, உடைத்தவன் நான். உன் மேலாளர் புதுப் பூட்டுகள் வாங்கி, சாவிகளைக் குடியிருப்பவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். மின்சாரக்காரர் நாளைக்கே இணைப்புக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் விருந்தினர் வரட்டும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகச் சொல்லி மாப்பிள்ளை அவருக்குப் போன் செய்ய வேண்டும். நீ நேரில் வந்து அந்தச் சித்தாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வரும்போது நம் வீட்டு வழியாகத்தான் வர வேண்டும். மற்ற வழியெல்லாம் சேறு.

உன் அப்பா