கிழக்கு மூலை

ஜனவரி 5, ஞாயிறு

இன்று கல் வெட்டி எடுத்த பழைய கல்லுக்கிடங்கில் ஆசை தீர நீச்சல். மழைத் தண்ணீர் தெளிந்து பச்சையாகக் கிடக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, வெள்ளைச் சுவர் மாதிரி. நான் கற்றுக்கொடுத்ததில் அண்ணன் பெண்டாட்டி ரோகிணி மதினி நீச்சலில் நன்றாகத் தேறிவிட்டாள். தெருப் பிள்ளைகள்தான் கரையை விட்டு வர மாட்டேன் என்கிறார்கள். வருவார்கள்.

சின்ன வயதில் ஊர்க்காரப் பிள்ளைகள் கிணற்றில் குதிக்க, காலனிப் பிள்ளைகள் நாங்கள் மேட்டில் நின்று பார்த்தோம். இறங்க விட மாட்டார்கள். வேலை கிடைத்ததும் மதுரையில் நான் முதலில் சேர்ந்தது பெண்கள் நீச்சல் வகுப்பில்தான். அந்த வயிற்றெரிச்சல் சும்மா போய்விடுமா என்ன?

ஜனவரி 8, புதன்

மதுரை தல்லாகுளம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது அழகுபாண்டி என் ஸ்கூட்டியை மறித்தான். ஊருக்குள் இருப்பவன், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்.

“தமிழு, கிடங்குல எங்க பசங்க குளிக்கிறாங்க. உங்க தெருவுக்குத்தான் கம்மாய் இருக்குல்ல?”

“கிடங்கு யாரு பட்டா?”

“புறம்போக்குதான். இருந்தாலும் ஊருக்கு உள்ளது.”

“அப்ப நாங்க எந்த ஊரு, அழகுபாண்டி?”

வண்டியைக் கிளப்பிவிட்டேன். வீடு வரைக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. பயம் இல்லை, ஆத்திரம். சரி, கொஞ்சம் பயமும்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

இறங்குகிற ஒரே பாதையில் ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சிருக்காங்க ஊர்க்காரங்க. அவங்க பசங்க வந்தா மட்டும் கம்பால ஒதுக்கிக்கிறானுக. மதினி அழுதுட்டா. எனக்கு அழுகை வரல. அந்தக் கிடங்குல கல்லு உடைச்சது யாரு? செத்துப்போன எங்கப்பா. சுமந்தது எங்கம்மா. குழி வெட்ட நாங்க, குளிக்க அவங்களா?

“வம்பு வேணாம் தமிழு, விட்டுரு” என்கிறாள் அம்மா.

விட மாட்டேன்.

ஜனவரி 13

போகி. பழசையெல்லாம் எரிக்கிறார்கள். அந்த முள்ளையும் எரித்தால் என்ன என்றேன். அம்மா தீப்பெட்டியை ஒளித்து வைத்துவிட்டாள்.

ஜனவரி 16

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அம்மா சொன்னாள்:

“மேலருந்து குதிக்கிறதுன்னா கிழக்கு மூலையில குதி. அங்கதான் ஆழம். மேக்க பாறை நீட்டிக்கிட்டிருக்கும். ஏறி வர உங்கப்பா வெட்டின கால்படி இருக்கு. அதுல இறங்கிறாத, காலு தப்பிரும். ஏறத்தான் லாயக்கு.”

நானும் உட்கார்ந்து கீரை உருவினேன். ஏதாவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஜனவரி 19, ஞாயிறு

குதித்துவிட்டேன்!

மேலே நின்று இரண்டு தடவை பின்வாங்கினேன், பொய் சொல்வானேன். கீழே ஊர்ப் பசங்க சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே குதித்தேன். தலையை வெளியே எடுத்தபோது ஒருத்தனும் சிரிக்கவில்லை. அப்பாவின் கால்படியில் விரல்கள் சரியாகப் பதிந்தன. ஏறி வந்து இன்னொரு தடவை குதித்தேன். வேணும்னேதான்.

ஜனவரி 26, ஞாயிறு

மதினியும் குதித்தாள். பசங்க முள்ளை ஒதுக்கிப் பாதையில் இறங்கினார்கள், எங்களை நிமிர்ந்து பார்க்காமல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் வாசலில் அழகுபாண்டி.

“முள்ளை எடுத்தாச்சு. பாதையிலயே வாங்க. யாராச்சும் கைகால ஒடிச்சுக்கிட்டா ஊருக்குத்தான் கெட்ட பேரு.”

“இப்ப மட்டும் நாங்களும் ஊரா?”

போய்விட்டான்.

தெருப் பிள்ளைகளைப் பாதையில் இறங்கச் சொன்னேன். அவர்களுக்கு அது வேண்டும். நானும் மதினியும் கிழக்கு மூலைக்கு நடந்தோம். எங்களுக்கு முன்னாலேயே வந்து, துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள் அம்மா.

“யாரு மொதல்ல?” என்றாள்.