ஊருக்குச் சொன்னது தைராய்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்
கழுத்தில் பழைய தழும்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. நாலு நாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 7
அம்மாவிடம் சொன்னேன். "சளிக்கட்டியா இருக்கும். ஞாயித்துக்கெழம ஆயங்குடிலேந்து பொண்ணு பாக்க வர்றாங்க, இப்ப போயி ஆஸ்பத்திரின்னுக்கிட்டு..."

மூன்று வருடம் முன்பு எனக்கு வந்தது கேன்சர். எங்கள் ஊர் லால்பேட்டைக்குச் சொன்னது தைராய்டு. எங்கள் தெருவில் யாருக்கும் கேன்சர் வராது, தைராய்டுதான் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் போனால் போதும் என்பாள் அம்மா. ஏழு மாதமாக அவர்களும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்களா?

ஆகஸ்ட் 10
வந்தார்கள். பிடித்திருக்கிறதாம்.

ஆகஸ்ட் 12
கம்ப்யூட்டர் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாலதி அக்கா ஃபைலைப் புரட்டினார். "மூணு தடவ போன் போட்டோம் ஜுவைரியா. ராங் நம்பர்னு ஒரு அம்மா வச்சிட்டாங்க. சின்ன வயசு பேஷண்டுங்கள வச்சி ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் அதே பதில். ஒன் பேர லிஸ்ட்லேந்து எடுத்துட்டோம்."

ஃபைலில் இருந்தது அம்மாவின் நம்பர்.

பஸ்ஸில் லால்பேட்டை வரைக்கும் அழுதேன். முகத்தை மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

ஆகஸ்ட் 13
கேட்டேவிட்டேன். அம்மா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "பக்கத்துல ஆளு இருந்தாங்கடி. கேன்சர் ஆஸ்பத்திரின்னு போன்ல கத்துறா அவ. நா என்னா செய்யட்டும்?"

நா செத்தா? அப்பவும் தைராய்டுன்னுதான் சொல்லுவியா? — கத்திவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

ஆகஸ்ட் 14
அம்மா சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஆகஸ்ட் 19
கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஆராய்ச்சிக்கார இளவரசி மேடமும் வந்தார். "ஒங்க ஊர்லேந்து ஒருத்தர்கூட பேர் குடுக்கலம்மா. பேர் வெளிய வராது." கையெழுத்துப் போட்டேன். இந்த முறை என் நம்பர். வீட்டில் இன்னொருவர் நம்பரும் வேண்டுமாம். அம்மாவை விட்டால் அத்தாதான், அவர் துபாயில். வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா நம்பரையே எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 26
டெஸ்ட் முடிவு வந்துவிட்டது, மறுபடியும் அதுதான். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மதியம் லுஹர் தொழுகையில் நின்றபோது என் போன் அடித்து ஓய்ந்தது. அடுத்து அம்மாவுடையது. எதிர்வீட்டு மாமி வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓதுவது மறந்துபோயிற்று. காதெல்லாம் அங்கேதான்.

"ஆமா, கேன்சர் ஆஸ்பத்திரிதானே? நா ஜுவைரியாவோட அம்மாதான் பேசறேன். சொல்லுங்க."