இரண்டு தரம் செத்த அண்ணைக்கு

அண்ணை, நேற்றுக் காலை லிஃப்ட் மூன்றாம் மாடியில் தானாக நின்றது. நான் அமத்தியது கீழ்த்தளத்தை. கதவு திறந்தது, வெளியே ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டுக் கதவில் இப்போது வேறு யாருடையதோ பெயர். ஆனால் நீங்கள் எந்நேரமும் வாயில் போட்டுக் குதப்புகிற அந்தக் கற்பூர மிட்டாயின் வாசனை உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. "ஏறுங்கோ அண்ணை, கதவு பூட்டப்போகுது" என்றேன். கீழே போய்ச் சேரும்வரை சுவரோடு ஒட்டி நின்று உங்களுக்கு இடம் விட்டேன்.

திரும்பி வந்து மனுசியிடம் சொன்னேன். "லிஃப்ட் பழுதாப் போச்சு, சொல்லித் திருத்துங்கோ" என்றாள். அவளுக்கு லிஃப்டும் பழுது, நானும் பழுது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது உங்களுக்குத் தெரியும். பிழைகள் இருக்கும். நீங்கள் தமிழ் தெரியாத ஆள், கண்டுபிடிக்கமாட்டீர்கள். நாங்கள் கதைத்ததெல்லாம் என் உடைந்த நோர்வே மொழியில்தான். ஆனால் இப்போது என் காதுக்குள் நீங்கள் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறீர்கள். செத்த பிறகு எல்லாப் பாசையும் வரும்போல.

ஒஸ்லோவின் ஓரத்தில் இந்த ரொம்மனுக்கு நாங்கள் குடிவந்த புதிது. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்க ஒவ்வொருவருக்கும் முறை எழுதி ஒட்டியிருப்பார்கள். என் முறையில் வந்து நீங்கள் மெசினை நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். நான் பட்டியலைக் காட்டினேன்.

"மன்னிக்கவேணும். நான் செத்த ஆள். செத்தவைக்கு முறை கிடையாது" என்றீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் சேட்டுகளைப் போட்டபடி விட்டுவிட்டு இரண்டு மாடி ஓடினேன். பிறகு நீங்களே அவற்றைத் தோய்த்து மடித்துக்கொண்டுவந்து மணி அடித்தீர்கள். மனுசி கோப்பி போட்டாள். அப்படித்தான் எனக்கு ஒரு மூத்தவர் கிடைத்தார். "அண்ணை" என்று கூப்பிடச் சொல்லித்தந்தது நான். "தம்பி" என்ற சொல்லை நீங்களாகவே பிடித்துக்கொண்டீர்கள்.

செத்த கதையை மூன்றாவது கோப்பியில் சொன்னீர்கள். ஜேர்மன்காரர் யூதரைப் பிடித்துக்கொண்டுபோன யுத்தக் காலத்தில், சுவீடனுக்குக் கடத்திவிடும்வரை, எல்லைக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் உங்களையும் அக்காவையும் ஒளித்துவைத்தார்கள். உங்களுக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பதினாறு. பண்ணைக்காரி ஒவ்வொரு பின்னேரமும் கீழே இருந்து பைபிளில் சங்கீதம் வாசிப்பாள். மேலே பரணில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதே சங்கீதத்தை அப்பா எபிரேய மொழியில் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளை நீங்கள்.

"அப்பான்ரை குரல் வேறொரு வாய்க்குள்ளாலை வந்தமாதிரி இருந்தது, தம்பி. அக்கா காதைப் பொத்தினா. நான் பொத்தேல்லை. அவ்வளவுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்."

அந்தக் குரல் உங்களை விடவில்லை. இருபத்தைந்து வயதில் தேவாலயத்துக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தீர்கள். தன் கூடப்பிறந்த எல்லாரையும் யுத்தத்தில் பறிகொடுத்த அப்பா ஒரு வசனம்தான் சொன்னாராம்: "ஜேர்மன்காரராலை முடியாமல் போனதை நீ செய்து முடிச்சிட்டாய்." பிறகு யூத முறைப்படி சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, கண்ணாடிகளைத் துணியால் மூடி, ஏழு நாள் தாழ்ந்த கதிரையில் இருந்து உங்களுக்குத் துக்கம் காத்தார். நீங்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, உங்கள் செத்தவீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தீர்கள்.

எங்களிடமும் பிள்ளைகளைத் தலைமுழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேரப்பிள்ளை பிறந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். உங்கள் அப்பா வரவில்லை. சாகும்போது அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். அக்கா இதே ஒஸ்லோவில்தான் இருந்தார். ஒருநாள் ரயிலில் உங்களுக்கு எதிரே வந்து இருந்தாராம். ஏழு தரிப்புகள். உங்களைத் தாண்டிப் பின்னால் இருந்த யன்னலைப் பார்த்தாராம். "நான் கண்ணாடிமாதிரி இருந்தன், தம்பி. அண்டைக்கு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. வீட்டை வந்து நாடி பிடிச்சுப் பாத்தனான்" என்றீர்கள்.

"எங்கடை சாமித்தட்டிலை இடம் கிடக்கு, சிலுவையிலை இருக்கிற உங்கடை ஆளையும் கொண்டுவந்து வையுங்கோ, ஒரு சண்டையும் வராது" என்று நான் பகிடி விடுவேன். நீங்கள் கோபிக்கமாட்டீர்கள். "அவர் எங்கடை பெடியன், தம்பி. யூதப் பெடியன். நான் வீடு மாறேல்லை. சொந்தக்காரர் ஒருத்தர் கூப்பிட்டவர், போனனான்" என்பீர்கள். அதற்குப் பிறகு எப்போதும் ஒரே வசனம்: "அக்கா ஒருக்கா என்ரை பேரைச் சொன்னால் காணும். உயிரோடை இருக்கேக்கை." ஞாயிறு தவறாமல் நீங்கள் தேவாலயத்தில் கேட்டதும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஞானஸ்நானம் எடுத்த தேதியில் ஒவ்வொரு வருடமும் நீங்கள் தேன் கேக் சுடுவீர்கள். அன்று காலையிலும் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி என் பையில் வைத்துவிட்டீர்கள். நான் வேலைக்குப் போனேன். அப்போது ரயில் பாதையின் மறுபக்கம், மயோர்ஸ்துவா பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்றில் எனக்குப் பராமரிப்பு வேலை. நான்காம் மாடியில் ஒரு கிழவியின் ஹீற்றர் சூடாகவில்லை என்றார்கள். போனேன்.

நல்ல பகல் வெளிச்சம். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் இளந்தாரியின் படம். இடது காது மட்டும் வெளியே மடிந்து நின்றது. அந்தக் காதை நான் அன்று காலைதான் பகிடி பண்ணியிருந்தேன்.

"ஆரம்மா இது?" என்றேன்.

"என்ரை தம்பி. செத்து ஐம்பது வருசமாகுது. இண்டைக்கு அவன்ரை நாள்."

என் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல இருந்தது. அவர்கள் நாள் பார்ப்பது யூதப் பஞ்சாங்கத்தில். எங்கள் திதிபோல வருடா வருடம் மாறும். அந்த வருடம் அவருடைய நாளும் உங்களுடைய தேதியும் ஒன்றாய் விழுந்திருக்கின்றன. ரயிலின் ஒரு முனையில் கேக், மறுமுனையில் விளக்கு. இடையில் நான், கையில் குறட்டோடு.

அடுத்து நான் செய்ததை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். படம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, படையல் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது பொறுக்காது. செத்தவரைப் பட்டினி போடலாமா? உயிரோடு இருக்கிற ஆள் என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. பையைத் திறந்து கேக்கை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

கிழவி என்னைப் பார்த்தார். பிறகு மணந்து பார்த்தார். ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி வாயில் வைத்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"தேனுக்குள்ளை கோப்பி விட்டிருக்கு. எங்கடை அம்மா மட்டும்தான் அப்பிடிச் சுடுறவ. இதை ஆர் சுட்டது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பகிடி வரவில்லை. படத்தைக் காட்டினேன்.

"செத்தவை கேக் சுடுறேல்லை" என்றார். என்றபடியே முழுவதையும் சாப்பிட்டார். விரலால் தொட்டு, கடதாசியில் இருந்த துகளையும் சாப்பிட்டார். நான் கதவுக்குப் போனபோது, "தோடம்பழத் தோல் போட்டது காணாது" என்றார்.

அன்று பின்னேரம் உங்களிடம் சொன்னேன். "சாப்பிட்டவவோ?" என்று நாலு தரம் கேட்டீர்கள். தோடம்பழத் தோல் கதைக்கு எழும்பி நின்றுவிட்டீர்கள். "செத்தவனுக்கு ஆரும் குறை சொல்லுவினமோ, தம்பி? சொல்லு!"

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் காகமாகப் பறந்தேன். ஊரில் திவசத்துக்குக் காகம் சோறெடுத்துச் செத்தவருக்குக் கொடுக்கும். நான் செத்தவர் சுட்டதை எடுத்து உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்தேன். அக்கா சாப்பிடுவார், குறை சொல்லுவார், பெயர் மட்டும் சொல்லமாட்டார். ஒருநாள் கேட்டே விட்டேன். "கேக்கைக் கொண்டா. அவனைக் கொண்டராதை. நான் அப்பாவுக்குச் சத்தியம் பண்ணினனான்" என்றார்.

பிறகு மார்கழியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் விழுந்தீர்கள். இனி வீடு திரும்புகிற கதை இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று மதியம் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, போய் அக்காட்டைச் சொல்லு, நான் செத்திட்டன் எண்டு."

"அண்ணை, அபசகுனமாய்க் கதையாதேங்கோ!"

"அவ ஐம்பது வருசமா அதைத்தானே சொல்லுறா. நீ புதுசா ஒண்டும் சொல்லப்போறேல்லை. உயிரோடை இருக்கிறவனை வந்து பாக்க அவவுக்கு ஏலாது. ஆனால் எங்கடை ஆக்கள் செத்தவனைப் புதைக்கிற வரைக்கும் தனிய விடமாட்டினம். பக்கத்திலை ஆள் இருக்கவேணும். அவ வருவா."

"வந்து பாக்கேக்கை மூச்சு விடுவியளே?"

"எங்கடை பெடியன் மூண்டு நாள் கல்லறையிலை கிடந்தவர். எனக்கு ஒரு மணித்தியாலம் கிடக்க ஏலாதோ?"

என்னைவிடப் பெரிய குழப்படிகாரன் நீங்கள்தான்.

போய்ச் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைப் போட்டார், வந்தார். நீங்கள் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். போர்வை மெல்ல ஏறி இறங்கியது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். உங்கள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். பிறகு பெயரைச் சொன்னார். கதவில் இருந்த பெயர் இல்லை. நான் ஒருநாளும் கேட்டிராத, வீட்டில் கூப்பிடுகிற ஒரு சின்னப் பெயர். அதைச் சொல்லிவிட்டு எனக்கு விளங்காத உங்கள் வீட்டுப் பாசையில் கதைத்தார். கதைத்தார், கதைத்தார். இடையில் ஒரு தரம் சிரித்தார். நான் கதவோடு நின்றேன். வெளியே பனி கொட்டியது. யன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, என் முகம் தெரிந்தது. கட்டில் தெரிய வேண்டிய இடத்தில் பனிதான் தெரிந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து எழும்பிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ நல்லாப் பொய் சொல்லுறாய். நான் வரேக்கை கை சூடா இருந்தது."

நான் தலை குனிந்தேன்.

"இப்ப நீ சொன்னது பொய்யில்லை" என்றார்.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன், போர்வை அசையவில்லை. எப்போது அண்ணை? சிரித்த நேரமா, அதற்கு முன்னா, பின்னா? நடிப்பு எங்கே முடிந்தது? நான் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டது வேறு: "அம்மா, பேரைச் சொன்னியளே. அவருக்குக் கேட்டதோ?"

"என்ரை விரலை இறுக்கினவன். பரணிலை ஒளிச்சிருக்கேக்கை சத்தம் போடக்கூடாது. நான் காதுக்குள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால், 'இருக்கிறன்' எண்டு சொல்லுறதுக்கு அப்பிடித்தான் இறுக்குவான்."

திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். உங்களை வந்து எடுக்கும்வரை எழும்பவில்லை. உங்கள் அடக்கத்தன்று தேவாலயத்துக்குள் அவர் வரவில்லை, அண்ணை, அதை மறைக்கமாட்டேன். பாட்டு முடியும்வரை படலைக்கு வெளியே பனியில் நின்றார். நான் குடை பிடித்தேன். பெட்டியைக் கொண்டுபோனபோது அந்தச் சின்னப் பெயரை இன்னொருக்கால் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதைச் சொல்ல எனக்குப் பிறகு ஆளில்லை. நீ கேட்டனிதானே, வைச்சிரு" என்றார்.

வைத்திருக்கிறேன். மனுசிக்கும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். போன மாசி மாதம் அக்காவும் போய்விட்டார். இப்போது அந்தப் பெயர் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். சில நாட்களில் பஸ் தரிப்பில் தனியாக நிற்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு, மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இறுக்கினால் நான் கத்திக்கொண்டுதான் ஓடுவேன், அண்ணை. அதற்காகக் கோபித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.