கோல்ஃப் மைதானம் பிழைத்த கதை

அன்பு மகளே, நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது காலும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நம் கோல்ஃப் மைதானத்தை விற்கப்போவதில்லையாம்!

குப்பை கொட்டிய பள்ளத்தில் மண்ணடித்து, பணக்காரர் கிளப்புக்குள் நுழைய முடியாதவர்களுக்கென்று மாநகராட்சி அந்தக் காலத்திலேயே அமைத்த இடம் அது என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லி உனக்குக் காது புளித்திருக்கும். ஆனால் பக்கவாதம் வந்து நாற்காலியே கதி என்று கிடந்த மனுஷனை எழுப்பி நடக்க வைத்தது மருந்து பாதி, அந்தப் புல்தரை பாதி. பஸ் டிரைவரும் தையல்காரரும் நர்ஸம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆடுகிற சாக்கில் குழிக்குக் குழி கூட்டிப்போனார்களே, அந்தப் புண்ணியம் அவர்களுக்கு. அங்கே கடைவளாகம் வந்துவிட்டால் இவர் திரும்ப நாற்காலிக்கே போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்று மைதானத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மாநகராட்சி மன்றக் கூட்டம். நாங்களெல்லாம் மேலே பார்வையாளர் மாடத்தில். ஓட்டு சரிசமமாக நின்றுவிட்டது, இனி மேயரம்மா போடும் ஓட்டுதான். அந்தம்மா முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து எவனோ ஆத்திரத்தில் நோட்டீஸைச் சுருட்டிக் கீழே எறிய, நான் என்னையறியாமல் பந்து வருது, குனிங்க குனிங்கன்னு கத்தித் தொலைத்துவிட்டேன். மைதானத்தில் பந்து ஆள்மேல் பறந்து வந்தால் அப்படித்தான் கத்துவோம், தினமும் அப்பா பின்னால் நடந்து பழகிய வாயாச்சே! பழக்கமில்லாதவர்கள் எங்கே பந்து என்று அண்ணாந்து பார்த்தார்கள், நம் ஆட்கள் மொத்தப்பேரும் பிடரியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்கள். கீழே சபையில் அப்படிக் குனிந்தது ஒரே ஒரு ஆள், மேயரம்மா! சபையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, எங்கப்பாவோட மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு அந்தப் புல்லுலதான் வளர்ந்தேன், அதை விக்க எனக்கு மனசு வரலீங்க என்று சொல்லி நம் பக்கமே ஓட்டைப் போட்டார். உன் அப்பா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. யாருக்கென்று நன்றி சொல்வேன், எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.

அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் கொஞ்சம் நடக்கச் சொல், போட்டோவிலேயே தொப்பை தெரிகிறது, நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

ஒன்று மறக்காதே. நீ ஊருக்கு வரும்போது அப்பா ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து உன் பெட்டியைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடிக்கிறார். தடுக்காதே, கொடுத்துவிடு.

உன் அம்மா