தம்ரூட் யாருக்கு, பாய்?

பாய், நேற்று உங்கள் மகள் நாகூரிலிருந்து அந்த ஊர் ரவை இனிப்பான தம்ரூட் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் நெய் மணம். எனக்கோ நம் பழைய ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, கௌரவப் பேராசிரியர்களாக நாம் இருவரும் மண்ணியல் துறைக்கே திரும்பி வந்த நாளில் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "வாத்தியாரே, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல மறதி வந்தாலும் மத்தவர் சொல்லிடணும்." மனம் நோகாதா என்றேன். "வாயத் தொறக்கவே வேணாம். ஒரு பெட்டி தம்ரூட் மேசையில வெச்சிடுவோம். பெட்டி கெடச்சவர் மூட்டையக் கட்டிடணும்." சிரித்துக்கொண்டே கைகொடுத்தோம்.

போன வாரம் வெண்ணாற்று வண்டலைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி வந்து, "சார், இத திங்கக்கிழமையே நடத்திட்டீங்க" என்றாள். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். "இன்னிக்குத்தான் சார் புரிஞ்சுது" என்கிறாள். பாராட்டா, பரிதாபமா? ஒன்றும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து உங்கள் நினைப்புதான். நீங்கள் இறப்பதற்குச் சில நாள் முன்பு என் மேசையில் ஒரு பெட்டி வைத்தீர்கள். எதற்கு என்றேன். "சும்மாதான்" என்றீர்கள். சாப்பிட்டுவிட்டேன். மறுநாளும் ஒன்று வைத்தீர்கள். "நேத்துதானே பாய் குடுத்தீங்க?" என்றதும் உங்கள் முகம் வாடிவிட்டது. பாவம், மனிதருக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். நான்தான் புரிந்துகொள்ளவில்லை என்று மறுபடி வைத்தீர்களோ?

உங்கள் மகளிடமே கேட்டுப் பார்த்தேன். "வாப்பாவுக்குக் கடைசியில எதுவுமே ஞாபகம் இல்ல மாமா. உங்களுக்குத் தம்ரூட் வாங்கணும்கிறத மட்டும் மறக்கல" என்றாள். இன்னும் குழம்பிப்போனேன். பிரியத்திலா வாங்கினீர்கள், பேச்சைக் காப்பாற்றவா?

அடுத்த பருவமும் வகுப்பெடுப்பேனா என்று துறைத் தலைவர் இன்றைக்குள் பதில் கேட்டிருந்தார். எடுக்கத்தான் ஆசை. காலையில் அந்த மாணவியைக் கூப்பிட்டுப் பெட்டியை நீட்டினேன். "நான் இனிமே எதையாவது மறந்தா இத என் மேசையில வெச்சிடும்மா" என்றேன்.

அவள் கை நீட்டவில்லை. "இதையேதான் சார் நேத்து சாயங்காலமும் சொன்னீங்க" என்றாள்.

துறைத் தலைவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் சங்கதி மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை பாய். இப்போதுதான் ஒரு துண்டை வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.