ரெண்டு மடிப்புத் துணி

வாயாடிக்கு,

உன் நெஞ்சுக்குள்ள வச்ச கருவி கெட்டுப்போகல, அதைத் திட்டாதே. அது தோல் வழியா ஒளியில அனுப்புற தகவலை, மேலே ஒட்டியிருக்கிற வில்லை வாங்குது. அந்த வில்லைக்குள்ள, வர்ற ஒளித் தகவலைப் பெரிசாக்குற பெருக்கி நான் வடிவமைச்சது. என்னைத் திட்டு, தாராளமா.

ஒளி பத்தாமப் போயிடுமோன்னுதான் ஆபீஸ்ல எல்லாரும் பயந்தோம். தடிச்ச தோலா தேடித் தேடிச் சோதிச்சோம். தோல் மெலிஞ்சு ஒளி இவ்வளவு அதிகமா வந்து, பெருக்கி திணறி வாயடைச்சு நிக்கும்னு யாரும் நினைக்கல.

"நல்லா சாப்பிடறேண்ணா, உன்னை மாதிரி தொப்பைகூட வந்துடுச்சு"ன்னு போன்ல சொன்னே. நானும் சிரிச்சேன்.

ஒளி கொஞ்சம் மட்டுப்பட, வில்லைக்கு அடியில மெல்லிசா வெள்ளைத் துணி மடிச்சு வை. போன மாசம் ஒரு மடிப்பு போதும்னேன். இப்ப ரெண்டு வை.

இன்னும் மெல்லிய தோலுக்குப் புதுசா வடிவமைக்க ஆறு மாசம் ஆகும்னார் மேலாளர். நான் பேச்சை மாத்திட்டேன்.

மூணாவது மடிப்பு வேணும்னு கடிதம் எழுத மாட்டேன். நானே வந்து வைக்கிறேன். மணி அடிச்சா எழுந்து வராதே. கதவைச் சும்மா சாத்தி மட்டும் வை.

உன் தொப்பை அண்ணன்